ஜீப்புத் தரையில் ஒரு டின்

ரவுட்டர் மெஷினைத் தலைகீழாகத் தொங்கவிட்டு மரத்தில் பள்ளம் எடுக்க, நானே ஒரு மேஜை செய்துகொண்டிருக்கிறேன். மெஷினைத் தாங்க ஒரு தகடு வேண்டும். கடைக்காரர் கொடுத்த அக்ரிலிக்கை நடுவில் அழுத்தினேன். லேசாக அமுங்கியது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசி. ஏலக்காய் பறிக்கப் போகும் அம்மாவோடு போடியிலிருந்து ஜீப்பில் மலையேறினேன். ஜீப்பின் தரை துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. டிரைவர் அதன்மேல் எண்ணெய் டின் ஒன்றை வெட்டி விரித்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அது என் காலடியில் அமுங்கி எழும்பியது. இடுக்கில் ரோடு ஓடியது.

"அம்மா, டின்னு அமுங்குது."

"கீழ பாக்காத. அந்தா பாரு, நம்ம ஊரு எம்புட்டுச் சின்னதாத் தெரியுது!"

மலை உச்சியில் இருக்கும் மெட்டு வரைக்கும் அவள் ஊரைக் காட்டிக்கொண்டே வந்தாள். ஜீப்பு நின்றதும், "எறங்குங்கக்கா, வெரசா" என்றார் டிரைவர்.

"பிள்ள மொதல்ல எறங்கட்டும்."

இறங்கித் திரும்பியபோதுதான் பார்த்தேன். டின்னின் இரண்டு ஓரங்களையும் இரு காலாலும் மிதித்துப் பிடித்திருந்தாள்.

கடைக்காரர் இப்போது கனமான அலுமினியத் தகட்டை எடுத்து, தரையில் இரண்டு கட்டைகள்மேல் வைத்திருந்தார்.

"மெஷினு நாலு கிலோதானே மேடம்? ஆளா ஏறி நிக்கப் போகுது?" என்றார்.

குனிந்து பார்த்தேன். தகட்டின் இரண்டு ஓரத்தையும் மிதித்தபடி என் கால்கள்.