வாசனைத் தண்ணீர்

எந்த வீட்டுப் பிள்ளை சிகரெட் பிடிக்கிறது என்பது பெற்றவர்களுக்கு முன்பே இஸ்திரிக்கடை அக்காவுக்குத் தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்து நீலக் கோட்டுகள் தேய்ப்புக்கு வரும். சூடு பட்டதும், வாரம் முழுக்கப் பதுங்கியிருந்த புகை குப்பென்று மூக்கில் ஏறும். அக்கா வெளியே மூச்சுவிட மாட்டாள். பையில் கிடக்கும் புகையிலைத் தூளைத் தட்டிவிட்டு, வாசனைத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்துத் தேய்த்துக் கொடுத்துவிடுவாள். ஒரே ஒரு சிகரெட்டுக்காக அப்பா அடித்த அடியில் வீட்டைவிட்டுப் போன அவளுடைய அண்ணன் திரும்பி வரவே இல்லை. இந்தப் பிள்ளைகளாவது வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

அவளுடைய பதினாறு வயது மகளின் கோட்டு மட்டும் தேய்ப்புக்கு வருவதே இல்லை. "ஸ்கூல்லயே மாட்டி வெச்சிடறேம்மா, உனக்கு ஒரு வேலை மிச்சம்" என்றிருந்தாள் மகள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டாள்.

அன்றைக்குப் பல் டாக்டர் வீட்டுப் பையில் வழக்கம்போல் மூன்று கோட்டுகள். அந்த வீட்டிலிருந்து மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெண்கள் இரண்டு பேர்தான். மூன்றாவது சித்தி மகளுடையதாம். சில மாதங்களாகவே அந்தப் பெண்கள் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள். அதில்தான் புகை தூக்கல். ஒருதரம் இஸ்திரிப்பெட்டியை ஓட்டிவிட்டு வாசனைத் தண்ணீருக்குக் கையை நீட்டியபோது, கோட்டின் மார்புப் பக்கம் ஏதோ தட்டுப்பட்டது. உள்ளே கைவிட்டால் தீப்பெட்டி. அது இருந்த பையை அக்கா வெளியே இழுத்துப் பார்த்தாள். பஸ் பாஸ் தொலையாமலிருக்க, பழைய பூப்போட்ட துணியில் அவளே மகளுக்குத் தைத்துக் கொடுத்த உள்பை.

மகள் கடைக்கு வந்தபோது கோட்டு மேஜைமேல் கிடந்தது. தீப்பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. அக்கா கையை ஓங்கினாள். அண்ணன் ஞாபகம் வந்தது. கை தானாக இறங்கியது.

"டாக்டர் வீட்ல அவங்க பொண்ணுங்களைப் பத்தியும் சொல்லிடுவியாம்மா?"

"எந்த மூஞ்சியோட சொல்றது? ஊருக்கெல்லாம் வாசனை தெளிச்சு மறைச்சவ நான்தானே!"

பாட்டிலில் இருந்ததைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, வெறும் தண்ணீரைக் கோட்டின்மேல் தெளித்தாள். இஸ்திரிப்பெட்டியை மகளிடம் நீட்டினாள்.

"நீயே தேய்."

மகள் குனிந்து தேய்த்தாள். ஆவியோடு புகை நாற்றம் அவள் முகத்தில் அடித்தது. சட்டென்று பின்வாங்கினாள்.

"இவ்வளவு நாறுமாம்மா?"

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"உனக்கு எங்கடி தெரியும்? நான்தான் தெரியவே விடலையே."