ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

"கோளாற காட்டுங்க சார், சரி பண்றேன்" என்றார் காதர் பாய்.

எங்கே காட்டுவது? என் மோட்டார் கார் அவருடைய ஷெட்டுக்கு முன்னால், பெண் பார்க்க வந்தவர்கள் எதிரே உட்கார்ந்த பெண்ணைப் போல, அவ்வளவு அடக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. இருமல் இல்லை. திக்கல் இல்லை. முந்தின நாள் இதே கார் மாதனூர் பக்கத்தில் புளியமரத்தடியில் செத்துக் கிடந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

காதர் பாய் வேலூரில் பேர் போன மெக்கானிக். நாலு தடவை என் காரைக் கழற்றி மாட்டிவிட்டார்.

"பாட்டரி சரி. பிளக் சரி. ஒயர் சரி. இல்லாத கோளாற எங்க போயி தேடறது? பேஜாரா இருக்குது சார். எந்நேரம் நிக்குது, அதச் சொல்லுங்க."

"ஞாயிற்றுக்கிழமை."

"மத்த நாள்ல?"

"நிற்பதில்லை."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆறு நாளும் ஓடி, ஞாயித்துக்கெழம மட்டும் நிக்குதுன்னா... ஏன் சார், இது சர்ச்சுக்குப் போற வண்டியா?"

ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

கார் புதிதல்ல. பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோல் முதலாளி ஒருவர் பல வருஷம் ஓட்டிவிட்டு விற்றது. சித்திரையில் வாங்கினேன். வக்கீல் என்று பலகை மாட்டிக்கொண்டவன் குதிரை ஜட்காவில் போகலாமா என்று நண்பர்களிடம் சொன்னேன். பொய். ஆம்பூர் போவதற்காக வாங்கினேன். அங்கேதான் என் மகள் செண்பகம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

அவள் அம்மா போய் இரண்டு வருஷம். அதற்குப் பிறகு என் வீட்டில் பேச்சு என்பது சமையற்காரர் "சாதம் போடட்டுமா?" என்று கேட்பதும், நான் "போடும்" என்பதும்தான். கோர்ட்டில் பகலெல்லாம் பேசுகிறேன். அது தொண்டையின் வேலை. பேச்சு என்பது வேறு அல்லவா? வாரம் முழுக்க வாய்க்குள் சேர்ந்துபோன வார்த்தைகளோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திருப்பேன். நானே நாலு வாளித் தண்ணீர் அடித்துக் காரைக் கழுவுவேன். பானெட்டைத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி பண்ணுவேன். கிளம்புவேன்.

அது நிற்கும்.

ஒரு வாரம் பள்ளிகொண்டா. ஒரு வாரம் மாதனூர். ஒரு வாரம் பேர் தெரியாத ஒரு வெட்டவெளி. இன்ஜின் இரண்டு தடவை விக்கும்; அப்புறம் ஒரு மௌனம். அந்த மௌனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஓடுகிற காரில் உட்கார்ந்திருப்பவனுக்கு உலகம் முழுக்கச் சத்தம்தான். அது நின்றதும்... பாலாற்று மணல் மேல் காற்று நடக்கிற ஓசை கேட்கும். தூரத்தில் ஒரு கிணற்றின் ஏற்றம் கேட்கும். கடைசியில், தன் மூச்சே தனக்குக் கேட்கும். அதைக் கேட்க யாருக்குப் பிரியம்?

தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிக்கொண்டு போகும் மாட்டு வண்டிக்காரர்கள் மட்டும் துணை. "இன்னா சாமி, எங்க மாட்டுக்குப் பின்னால கட்டிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போவார்கள்.

அரை மணி கழித்து இன்ஜின் முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினால் உடனே உயிர் வந்துவிடும். என்ன கோபம், என்ன சமாதானம்? தெரியாது. திரும்பி வரும்போது ஒருநாளும் நின்றதில்லை. போகும்போது மட்டும்தான்.

ஆம்பூரில் என் சம்பந்தி கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். அவருக்குத் தோல் தரம் பார்க்கும் வேலை. தடவிப் பார்த்தே ஆடு எது, கன்று எது, எந்தச் சந்தையில் வாங்கியது என்று சொல்லிவிடுவார். நிச்சயதார்த்தத்தன்று என் பூட்ஸைப் பார்த்து, "ஏமாத்திட்டான் சம்பந்தி, இது பழைய தோலு, சாயம் பூசி வித்துட்டான்" என்று சபையில் சொன்னவர். அப்படிப்பட்டவருக்கு என் காரைப் பற்றி என்ன மரியாதை இருக்கும்?

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும். ஆனால் போன மாதம் ரங்கூனில் இருந்து மாப்பிள்ளை வந்தார். அரிசி மில் ஆபீஸில் வேலை. செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன் என்றார். திரும்பி எப்போது? மூன்று வருஷம் ஆகலாம். ஐந்தும் ஆகலாம்.

எனக்கு அவளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றே ஒன்று.

கல்யாணம் முடிந்து அவள் புக்ககம் கிளம்பியபோது அவள் அம்மா வாசலுக்கு வந்து வழியனுப்பவில்லை. வண்டியில் ஏறிய பிறகும் செண்பகம் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தாள். அம்மா வரவில்லை. அந்தக் குறை அவளுக்குள் அப்படியே இருக்கிறது. அம்மா போன பிறகு ஒருநாள், "என்மேல அம்மாவுக்கு இன்னாப்பா கோவம்?" என்று கேட்டாள். சம்பந்தி அம்மாள் பக்கத்தில் இருந்தார். நான் வெற்றிலை மடிப்பதில் மும்முரமாக இருந்துவிட்டேன். காரணம் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லமாட்டேன் என்று அவள் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

கடிதம் எழுதலாமே என்பீர்கள். அந்த வீட்டில் கடிதம் நாலு பேர் படித்துத்தான் அவள் கைக்குப் போகும். நேரில், தனியாக, ஒரு மணி நேரம் வேண்டும். பெண்ணைக் கொடுத்த வீட்டில் அப்பனுக்கு அது எங்கே கிடைக்கிறது?

அதனால் சம்பந்தியிடம் கேட்டேன். "வியாழக்கிழமை எல்லோரும் ஆம்பூரில் பாசஞ்சர் ஏறி, காட்பாடியில் கப்பலுக்குப் போகும் மெயில் பிடிப்பதாகச் சொன்னீர்களே. குழந்தை செண்பகத்தை மட்டும் நான் காரில் காட்பாடிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேனே?"

"அந்தக் கார்லயா?" அவர் சிரிக்கவில்லை. "மெயிலு போச்சுன்னா கப்பல் போச்சு. வெளையாட்டா சம்பந்தி? ஒண்ணு செய்யலாம். ஞாயித்துக்கெழம நானு வேலூர்லதான் இருப்பேன். உங்க கூடவே வர்றேன். ஆம்பூர் வரைக்கும் நிக்காம ஓட்டிக் காட்டுங்க. கொழந்தைய அனுப்பறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எப்படி எழுந்தேன் தெரியுமா? பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி. வழக்கத்தைவிட இரண்டு வாளி அதிகம் ஊற்றிக் காரைக் கழுவினேன். சம்பந்தி ஏறி உட்கார்ந்து, முதலில் ஸீட்டுத் தோலைத் தடவிப் பார்த்தார். "கம்மி ரகம்" என்றார். கிளம்பினோம்.

பள்ளிகொண்டா தாண்டி இரண்டு மைல். விக்கல். மௌனம்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கினேன், பானெட்டைத் திறந்தேன், ஹாண்டிலைச் செருகினேன், சுற்றினேன். சுற்றிக்கொண்டே இருந்தேன். சம்பந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்கு மின்சாரம் தெரியாது. காயில் என்கிற மின்சாரச் சுருள் தெரியாது. ஆனால் தோல் எங்கே இருந்தாலும் அவர் விரல் சும்மா இருக்காது.

காயிலில் இருந்து கிளம்புகிற தடித்த ஒயர் ஒரு இரும்புத் தகட்டின் ஓட்டை வழியாக இன்ஜினுக்குப் போகிறது. தகட்டில் உரசாமல் இருக்க அங்கே ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். என் காரில் அந்த இடத்தில் ஒரு தோல் வளையம் இருந்தது. சம்பந்தி அதை விரலால் அமுக்கினார். அதே சமயம் நான் ஹாண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"அய்யய்யோ!"

ரோட்டின் நடுவுக்குப் போய் நின்று கையை உதறிக்கொண்டிருந்தார். "கடிச்சிடுச்சு!"

"எது?"

"தோலு! முப்பது வருசமா தோல்ல கைய வச்சினு இருக்கேன், எந்தத் தோலும் என்னக் கடிச்சதில்ல சம்பந்தி!"

பயம் தெளிந்ததும் கோபம் வந்துவிட்டது அவருக்கு — தோல் மேல். என் பேனாக்கத்தியை வாங்கி அந்த வளையத்தை நெம்பி எடுத்தார். வளைத்தார். முகர்ந்தார். பிறகு, நான் தடுப்பதற்குள், நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார். "உப்பே போவல. அரைப் பதத்துல தொட்டியிலேர்ந்து எடுத்த துண்டு. காஞ்சிருந்தா பலகை மாதிரி கெடக்கும். தண்ணி பட்டா குடிச்சினு ஊறும். வண்டிய எப்ப கழுவனீங்க?"

"காலையில்."

"போன ஞாயித்துக்கெழம?"

"கழுவினேன்."

"மத்த நாள்ல?"

"கழுவுவதில்லை."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கழுவுகிற தண்ணீரில் தோல் ஊறுகிறது. இன்ஜின் சூட்டில் அதன் உப்பும் ஈரமும் ஒயரைச் சுற்றிக் கசிகிறது. பழைய ஒயரின் வெடிப்பு வழியாக, பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் ஈரத் தோலில் இறங்கித் தகட்டுக்குப் போய்விடுகிறது. அரை மணியில் காய்கிறது. ஓடுகிறது. காதர் பாயிடம் போகும்போது உலர்ந்து பரம சாதுவாக இருக்கிறது.

"அது இன்னா, ஞாயித்துக்கெழம மட்டும் கழுவறது?" என்றார் சம்பந்தி.

"உங்கள் வீட்டுக்கு வருகிறேனே..." என்றேன்.

அவர் ஒரு தடவை காரைப் பார்த்தார். தோலைத் தூக்கி வயலில் எறிந்தார். பங்க்சர் ஒட்டுகிற ரப்பரில் ஒரு துண்டு வெட்டி அந்த ஓட்டையில் நானே சுற்றி வைத்தேன். ஒயரைத் துடைத்தேன். ஒரே சுற்று, இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆம்பூர் வாசலில் இறங்கும்போதுதான் சம்பந்தி வாயைத் திறந்தார்: "வியாழக்கெழம கொழந்தைய நீங்களே கூட்டினு போங்க."

காதர் பாயிடம் சொன்னபோது அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "தோலப் பாத்தேன் சார். நாலு தடவையும் பாத்தேன். நம்ம பக்கத்துல தோல யாரு சந்தேகப்படுவாங்க?" உண்மைதான். கதவு கிறீச்சிட்டால் தோல், குழாய் ஒழுகினால் தோல், மேஜை ஆடினால் காலுக்கு அடியில் தோல் — அப்படி வாழ்கிறோம். எப்போதும் கண்ணெதிரே இருக்கிற ஒன்றை எவன் பார்க்கிறான்?

வியாழக்கிழமை வந்தது. செண்பகம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பது மைலுக்கு மேல் ரோடு. ஒன்றரை மணி நேரம். நானும் அவளும் மட்டும். பள்ளிகொண்டா வருவதற்குள் சொல்லிவிடுவது என்று முடிவு.

ஆனால் பாருங்கள், என் காது முழுக்க இன்ஜினில் இருந்தது. விக்குகிறதா? திக்குகிறதா? மெயில் போனால் கப்பல் போகுமே! மாதனூரில் அவள் ஏதோ சொன்னாள். "இரும்மா, சத்தம் கேட்குது" என்றேன். பள்ளிகொண்டாவில் மறுபடி "அப்பா..." என்றாள். "இதோ, இந்த இடம் தாண்டட்டும்" என்றேன். அந்த இடம் தாண்டியது. எல்லா இடமும் தாண்டியது. பாலாறு தாண்டி காட்பாடி ஸ்டேஷன் தெரிந்தபோது எனக்கு என்ன பெருமை! நின்ற பிறகுதான் உறைத்தது. வாசலிலேயே சம்பந்தி வீட்டார் பதினோரு பேர் கூடையும் மூட்டையுமாக நின்றிருந்தார்கள். அப்புறம் ஏது தனிமை?

மெயில் வந்தது. ஜன்னல் கம்பி வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிக்கும்னு நெனச்சேன்பா."

"எது?"

"கார்தான். நடுவுல எங்கயாச்சும் ஒரு அரை மணி நேரம் நிக்கும், ஒக்காந்து பேசலாம்னு..."

பதினோரு பேர் நடுவில் நான் என்ன சொன்னேன்? "உன் மாமனார் கெட்டிக்காரர்ம்மா" என்றேன். ரயில் நேரத்துக்குக் கிளம்பியது. அதற்கும் ஒரு கோளாறு இல்லை.

நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்திரிகை ரங்கூனுக்கும் போகிறது என்று ஆசிரியர் சொல்கிறார். வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வாரம் கடைசி நாலு வரி உங்களுக்கு அல்ல. சம்பந்தி, நீங்களும் இதைப் படிப்பீர்கள். நீங்களும் மன்னிக்க வேண்டும்.

செண்பகம், அம்மாவுக்கு உன்மேல் கோபம் இல்லை. அவளைக் கொண்டுபோன அந்த இருமல் உன் கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்து உன்னை அழைத்துப் போகாமல் விட்டுவிடக் கூடாதென்று, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

உன் வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் இருமினாள்.