உட்கருவின் வாசலில் சிவகாமி

செய்தி சிவகாமியின் கணவரிடமிருந்து வந்தது. “ஏனுங்க, சிவகாமி காத்தால போயிட்டாளுங்க. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க.” நான் போனைப் பிடித்தபடி, “நேத்து சாயங்காலம்கூட எங்கிட்டச் சண்டை போட்டாங்களே” என்று அர்த்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். சண்டை மைக்ரோஸ்கோப்புக்காக. இருவருக்கும் ஒரே நேரத்தில் அது வேண்டியிருந்தது.

இந்த அஞ்சலியைப் படிப்பவர்களில் அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அவர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பாலக்காட்டில் எங்கள் ஆய்வகத்துக்கு அடுத்த அறை அவருடையது. நரம்பு செல்லின் உட்கருவைச் சுற்றியுள்ள உறையில் நுண்ணிய துளைகள் உண்டு. சில கடத்துப் புரதங்கள் மற்றப் புரதங்களை அந்த வழியே உள்ளே கொண்டுபோகும், வெளியே கொண்டுவரும். தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்லச் சாகும் நோயில் இந்தப் போக்குவரத்து கெட்டிருக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய புரதம் வெளியே தேங்கிக் கட்டிதட்டிப் போகிறது. இது கெட்டதால் நோயா, நோயால் இது கெட்டதா? சிவகாமியின் கேள்வி அதுதான். “இது தெரியாம மருந்துங்கிற பேச்சே எடுக்கக் கூடாதுங்க” என்பார்.

ஆனால் பேச்சை வேறொருவர் எடுத்துவிட்டார். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் சிவகாமி ஒரு கடத்துப் புரதத்தின் அளவைக் கூட்டியபோது, வெளியே தேங்கியிருந்த புரதம் உள்ளே திரும்பியது. அவ்வளவுதான் நடந்தது. நிருபர் ஒருவர் அதை ‘நரம்பு நோய்க்கு மருந்து தயார்’ என்று எழுதினார். அடுத்த வாரமே இடுக்கி மலையிலுள்ள ஏலப்பாறையிலிருந்து ஒரு தம்பதி வந்து நின்றார்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த முருகனுக்குக் கைகள் சூம்பியிருந்தன.

“அந்த மருந்தை இவுகளுக்குப் போடுங்கம்மா” என்றார் மனைவி செல்வி.

“மருந்து இல்லீங்க. பேப்பர்ல எழுதினது தப்பு” என்றார் சிவகாமி. செல்வி நம்பவில்லை. வசதியானவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பீர்களா என்று கேட்டார்.

அவர்கள் போனதும் சிவகாமி நிருபரைப் போனில் அழைத்தார். நல்ல செய்திதானே மேடம் என்றாராம் அவர். “நல்ல செய்தியா? அந்த மனுசன் கழுத்து ஆடாம, பொண்டாட்டி வழியெல்லாம் புடிச்சுட்டே வந்திருக்குது. மருந்து இல்லைன்னு கேட்டுட்டுப் போறதுக்கு.” பேப்பரில் மறுப்பு கடைசிவரை வரவில்லை.

என் ஊர் அதே மலையிலுள்ள வண்டன்மேடு என்பதால், ஏலப்பாறைக்கு என்னைத் துணைக்கு அழைத்தார். அங்கே, தீராத நோயாளிகளின் அவதியைக் குறைக்க வீட்டுக்கு வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸைத் தேடிப் பிடித்தார். மூச்சுக்கு உதவும் இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது தடவை போனபோது முருகன் குழறலாகக் கேட்டார்: “எங்கிட்டருந்து ஏதாச்சும் ஒங்களுக்கு ஒதவுமா?” முறைப்படி அனுமதி பெற்று, தோலில் சிறு துணுக்கு எடுத்து, அதிலிருந்து நரம்பு செல்களை வளர்த்தார் சிவகாமி. மற்றச் செல்களில் பலித்தது முருகனின் செல்களில் பலிக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தார். புரதம் வெளியேதான் நின்றது.

அதையும் முருகனிடம் மறைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா? முருகன் வெகுநேரம் முயன்று, “ஏன்னு பாருங்க” என்றார். அந்த மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். சிவகாமி பிறகு பார்த்ததெல்லாம் அந்த ‘ஏன்’ ஒன்றைத்தான். ஆய்வுக்குழு, தோற்ற சோதனையை எதற்கு நீட்டுகிறீர்கள் என்றது. “தோத்த இடத்துலதானுங்க விசயம் இருக்குது” என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது சிவகாமியின் அறைக்கு வேறு துறைக்காரர் வருகிறாராம். முருகனின் செல்களை உறையவைத்திருக்கும் தொட்டியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். யாரிடம் கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்ற ஒரே பதில்.

செல்விக்குப் போன் செய்தேன். வெகுநேரம் அழுதார். பிறகு, “அப்ப இவுக செல்லு?” என்று கேட்டார்.

“தூக்கிப் போடச் சொல்லுறாங்க.”

“நீங்க வாங்கி வைங்க” என்றார்.

அலைந்து, கெஞ்சி, கடைசியில் கத்தி, அனுமதி வாங்கினேன். முருகனின் செல்கள் இப்போது என் ஆய்வகத்துத் தொட்டியில் இருக்கின்றன. சிவகாமி எனக்கு விட்டுப்போனது அவைதான். நான் இதுவரை பார்த்தது வேறு துறை. உட்கருக் கடத்தலைப் பாடமாகப் படித்ததோடு சரி. மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன். பாதி புரியவில்லை. கேட்பதற்கு அடுத்த அறையில் ஆளும் இல்லை.