மண்டாய் ஓடையில் அக்கா பார்த்த மீன்கள்

1985 ஜூன் விடுமுறையில் நான் நகருக்கு வடக்கே உள்ள மண்டாய் காட்டோடைக்குப் போனதற்கு ஒரே காரணம், என் அக்கா ரீட்டா மீதிருந்த பொறாமை. அதற்குப் பதினோரு வருடங்களுக்கு முன் பள்ளிச் சுற்றுலாவில் அவள் அங்கே போயிருந்தாள். எனக்கு அம்மை போட்டிருந்ததால் போக முடியவில்லை. உடலில் கறுப்பு முக்கோணம் போட்ட செம்பொன் நிறக் குட்டி மீன்கள் மேகம்போலத் திரிந்ததாக அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். வீட்டில் மீன்தொட்டி வைத்து வளர்த்ததோ நான்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் ஜாலான் புசார் தெருவில் இருவரும் பஸ் ஏறினோம். ஆளுக்கு எண்பது காசு, ஒரு மணி நேரப் பயணம். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. அட்டைக்கடி உண்டு, நீளக் காலுறை அவசியம்.

ஓடையில் மீன்களுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாம் தொட்டியில் வளர்க்கும் கப்பி மீன். மடுவில் திலாப்பியா. எல்லாமே யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்டவை. ரீட்டா குனிந்து ஒவ்வொரு வேரடியாகத் தேட ஆரம்பித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு இவள் மட்டும் பார்த்துவிட்டாளே!

அப்போது ஒருவர் வாளியோடு வந்தார். உள்ளே உள்ளங்கை அகல ஆஸ்கார் மீன்கள் இரண்டு. புக்கிட் மேராவில் புது வீட்டுக்குப் போகிறாராம், தொட்டி வைக்க இடமில்லையாம்.

"கொல்ல மனசு வரல லா. இங்க நல்லா இருக்கட்டும்," என்றார்.

"அண்ணே, இது நல்லா இருக்கும். மத்த சின்ன மீனெல்லாம் இதுக்குச் சாப்பாடாயிடும்," என்றேன்.

அவர் வாளியையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர்கள் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள் என்று நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. கடைசியில் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

நான் பெருமையோடு திரும்பினேன். ரீட்டா ஒரு வேரடியில் குந்தியிருந்தாள், கண் கலங்கி.

"மூணு இருந்துச்சுடி. அதே கறுப்பு முக்கோணம்."

ஓடிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் மட்டும்தான்.

"ஏன் கூப்பிடல?"

"சத்தம் கேட்டா ஓடிடும்னு நெனச்சேன்."

திரும்பும் பஸ்ஸில் நான் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

போகிறவர்கள் மழை விட்ட மறுநாள் போங்கள், நீர் தெளிந்திருக்கும். வளர்த்த மீன் எதையும் ஓடையில் விடாதீர்கள். இரக்கம்தான், ஆனால் அங்கே ஏற்கெனவே குடியிருப்பவை இருக்கின்றன. அந்த மூன்றும் பிழைத்திருக்கட்டும் என்று இன்றும் வேண்டிக்கொள்கிறேன். அவற்றை அவள் கண் மட்டும் பார்த்ததை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.