எந்த நாட்டவர் என்ற கட்டம்

எங்கள் ஓசூர் கம்பெனியில் பெயின்ட் அடித்தவரை எல்லோரும் சிலோன்காரர் என்றுதான் கூப்பிட்டோம். ஒல்லியான மனிதர். அகதி முகாமில் குடியிருந்தார். எந்தக் காகிதத்தைத் தொடுவதற்கு முன்பும் தின்னர் நனைத்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொள்வார்.

கேட் பாஸ் புதுப்பிக்கும் வேலை என்னுடையது. புதுப் படிவத்தில் எந்த நாட்டவர் என்று ஒரு கட்டம் வந்திருந்தது. "என்னண்ணே போடறது?" என்றேன்.

விரல்களைத் துடைத்தபடியே சிரித்தார். "அங்க தேயிலைத் தோட்டத்துல பொறந்தேன் தம்பி. எங்கள இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரன். வேலைக்கு பார்டர்ல அத்திப்பள்ளி தாண்டிப் போனா, கன்னடக்காரங்கதான் தமிழன்னு சொல்றாங்க. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதப் போடுங்க."

வரிசையில் இன்னும் பத்துப் பேர் நின்றார்கள். யோசிக்காமல் 'சிலோன்' என்று எழுதினேன்.

மறுநாள் காலை, வெளிநாட்டு ஆள் என்று சொல்லி அவரைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை.

அந்தப் பாஸில் அவர் பெயரையும் நான்தான் எழுதினேன். அது இப்போது நினைவில் இல்லை. இதை எழுத உட்கார்ந்தபோதும், சிலோன்காரர் என்றுதான் என்னால் தொடங்க முடிந்தது.