அறுபதுக்கு மேல் போகாதீர்கள்

ஒட்டி முடித்த பிறகு கண்ணுக்குத் தெரியவே கூடாத ஒரு பொருளை ஒட்டிப் பிழைப்பவன் நான். தெரிந்தால் வேலை மோசம் என்பார்கள். தெரியாவிட்டால் ஒட்டினாயா இல்லையா என்பார்கள். செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறவர்கள், கிழிசல் தெரியாமல் துணி தைத்துக் கொடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு என் துயரத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: காரின் பெயிண்டில் கல் தெறித்துக் குழி விழாமல், ஹெட்லைட் வெயிலில் மஞ்சளாகாமல் இருக்க மேலே ஒட்டுகிற தெளிவான ஃபிலிம் அது. சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் தகட்டால் தண்ணீரையும் காற்றையும் தள்ளி, ஓரத்தை உள்பக்கம் மடித்து ஒட்ட வேண்டும். பெங்களூரில் ஆறு வருடம் ஒட்டிவிட்டு இப்போது தருமபுரியில், சேலம் ரோட்டில் ஒரு கடையில் ஒட்டுகிறேன். பொறுமை இருந்தால் கற்றுக்கொண்டுவிடலாம். காரோடு வருகிறவர்களைச் சகிக்கத்தான் இன்னும் கற்கவில்லை.

எங்கே இருக்கிறது?

இண்டூரிலிருந்து ஒருவர் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து விட்டார். நான்கு நாள் வேலை. எடுக்க வந்தபோது மைத்துனர், சித்தப்பா, சித்தப்பாவின் நண்பர் என்று ஒரு கூட்டமே இறங்கியது. காரைச் சுற்றிவந்தார்கள். சித்தப்பா பானட்டை விரலால் தட்டிப் பார்த்தார். நண்பர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஃபிலிம் முடிகிற ஓரத்தைக் கதவின் உள்பக்கத்தில் காட்டினேன். அது பெயிண்டின் ஓரம்தானே என்றார் மைத்துனர்.

சாவியை எடுத்துக் கையில் கொடுத்து, கீறிப் பாருங்கள் என்றேன். ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. நம்பவும் மாட்டார்கள், சோதிக்கவும் மாட்டார்கள். கடைசியில் அந்த வீட்டின் அறிவாளியாகத் தோற்றமளித்த சித்தப்பா, என் தோளில் கைவைத்து ஆலோசனை சொன்னார்.

"இவ்ளோ பாடுபட்டு ஒட்டியிருக்கீங்க தம்பி, மூலையில ஒரு பூ டிசைனாச்சும் போட்டிருந்தா ஒட்டினதுன்னு தெரியுமில்லைங்களா?"

பலகைக்காரர்கள்

எங்கள் கடைக்கு வந்த முதல் ஸ்போர்ட்ஸ் கார் மஞ்சள் நிறம். பெங்களூரில் யாரோ சலித்துப்போய் விற்றதைப் பாப்பாரப்பட்டி கோவிந்தராஜ் வாங்கியிருந்தார். மனைப் பிரிவு போட்டு விற்கிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

அந்தக் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையில் ஒரு செருப்புதான் நுழையும். பாப்பாரப்பட்டியிலிருந்து வருகிற வழியெல்லாம் ஸ்பீட் பிரேக்கர். அதனால் முன்னால் ஒரு பைக்கில் இரண்டு ஆட்கள், ஆளுக்கு ஒரு பலகையோடு. ஸ்பீட் பிரேக்கர் வந்தால் இறங்கிப் பலகையைச் சரிவாக வைப்பார்கள். கார் ஊர்ந்து ஏறி இறங்கும். பலகையை எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்பீட் பிரேக்கருக்கு ஓடுவார்கள். சாமி ஊர்வலத்துக்குக்கூட எங்கள் பக்கத்தில் இவ்வளவு ஏற்பாடு கிடையாது.

நெடுஞ்சாலையை எட்டியதும் பலகைக்காரர்களுக்கு வேலை முடிந்தது. அங்கிருந்து அவர் ஆட்டம். சேலத்தில் அவருக்கு ஒரு கூட்டாளி. வாரத்தில் நான்கு நாள் போய் வருவார். நடுவில் தொப்பூர் கணவாய். லாரிகள் பிரேக் பிடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இறக்கம் அது. அங்கே எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். இதற்காகத்தான் காத்திருந்தவர் போலச் சொன்னார்.

"தருமபுரியில குடிச்ச டீ, நாக்குல காயறதுக்குள்ள சேலத்துல இருப்பேன் தம்பி."

ஆபரேஷன் தியேட்டர்

வேலை நடந்த ஐந்து நாளும் கோவிந்தராஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். கையில் டார்ச். நான் பானட்டில் ஃபிலிமை விரிக்கும்போது அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். எங்களையும் அடக்கச் சொன்னார்.

என்னோடு வேலை செய்கிற மாதேஷுக்குக் கெடுபிடி அதிகம். மோதிரத்தைக் கழற்று. பெல்ட்டைக் கழற்று. சட்டை பட்டன் உரசும், பனியனோடு நில். கையில் கட்டியிருந்த கோயில் கயிற்றின் முடிச்சு பெயிண்டில் பட்டுவிடும் என்று அதன்மேல் பஞ்சு வைத்துச் சுற்றச் சொன்னார். தும்மல் வந்தபோது மாதேஷ் ரோட்டுக்கே ஓடிப்போய்த் தும்மிவிட்டு, திரும்பி வந்து இரண்டாவது தடவையாகக் கை கழுவினான். என் காதருகில் மட்டும் சொன்னான்.

"எங்கம்மா என்னையப் பெத்தப்பகூட ஆஸ்பத்திரியில இத்தன தடவ யாரும் கை கழுவியிருக்க மாட்டாங்கண்ணா."

மங்கலாக ஒரு ஃபிலிம்

நான்காம் நாள் ஹெட்லைட். அன்று மதியம் கோவிந்தராஜ் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு பெண் வந்தார். தோளில் பை, காலில் டூட்டி முடிந்த களைப்பு. கோவிந்தராஜின் மனைவி என்றும், அரசு மருத்துவமனையில் விபத்துப் பிரிவில் நர்ஸ் என்றும் சொன்னார். பெயர் செல்வி. நான் சிஸ்டர் என்றே கூப்பிட்டேன்.

காரை அவர் பார்க்கவேயில்லை. ஹெட்லைட்டை மட்டும் பார்த்தார்.

"இதுக்கு மேல ஒட்டறது கொஞ்சம் மங்கலா ஒட்ட முடியுங்களா?"

"கறுப்பு ஃபிலிம் இருக்குதுங்க. ஸ்டைலுக்கு ஒட்டுவாங்க. ஆனா வெளிச்சம் போயிடுங்க சிஸ்டர்."

"வெளிச்சம் போகட்டும்னுதான் கேக்கறேன். லைட்டு சரியில்லைன்னா பொழுதோட வூடு வந்து சேருவாரு."

ஃபிலிமைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கு வகுப்பெடுப்பது எனக்குப் பிடித்தமான காரியம். எடுத்தேன். மங்கலான வெளிச்சத்தில் ஒருவர் மெதுவாகப் போவதில்லை, அதே வேகத்தில் கண் தெரியாமல் போவார் என்றேன். தொழில் தர்மம் என்ற வார்த்தையைக்கூடப் பயன்படுத்தினேன் என்று நினைக்கிறேன். முழுவதையும் கேட்டுவிட்டுப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"உங்களுக்கு லைட்டத் தெரியும் தம்பி. எனக்குத் தொப்பூர்ல இருந்து ஸ்ட்ரெச்சர்ல வர்றவங்களத் தெரியும்."

செய்யக் கூடாதவை

காரை ஒப்படைக்கும்போது சில எச்சரிக்கைகள் சொல்வது வழக்கம். ஒரு வாரம் கழுவக் கூடாது. ஓரத்தை நகத்தால் சுரண்டக் கூடாது. முதல் இரண்டு நாள் ரொம்ப வேகம் வேண்டாம். இவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் சாவியைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

கோவிந்தராஜ் செல்போனில் வீடியோ எடுத்தார். மறுபடி சொல்லச் சொன்னார். பனி பட்டால்? புறா எச்சம் பட்டால் எத்தனை நிமிடத்துக்குள் துடைக்க வேண்டும்? எந்தத் துணியால்? பக்கத்தில் நின்ற சிஸ்டர், யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "பிரஷர் மாத்திரையச் சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயான்னு இன்னிக்கு வரைக்கும் இந்த மனுசனுக்குத் தெரியாது." கோவிந்தராஜுக்கு அது காதில் விழவில்லை. பனியைப் பற்றி இரண்டாவது சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. அந்த ஆளின் முகத்தில் இருந்த கவனத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. அது வீணாகிறதே என்றும் இருந்தது. "முக்கியமான ஒண்ணு சார்," என்றேன். "அறுபதுக்கு மேல போகாதீங்க. காத்து உள்ள பூந்து ஓரம் எழும்பிடும். எழும்பினா பெயிண்டையும் பிச்சுக்கிட்டுதான் வரும்."

அவர் முகம் வெளுத்தது. எத்தனை நாளைக்கு என்றார். நான் பார்த்துச் சொல்கிற வரைக்கும் என்றேன். சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. முதன்முறையாகக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோவிந்தராஜ் வீடியோவை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அறுபத்தஞ்சு போனா?"

முந்தியவர்கள்

அதன்பிறகு நெடுஞ்சாலையில் ஒரு காட்சி. மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் இடது ஓரத்தில் போகும். தக்காளி ஏற்றிய வேன் அதை முந்தும். டவுன் பஸ் முந்தும். பள்ளிக்கூட வேனின் பின் கண்ணாடியில் குழந்தைகள் வரிசையாக நின்று டாட்டா காட்டுவார்கள். கோவிந்தராஜ் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஸ்பீடாமீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு போவார் என்று மாதேஷ் சொன்னான். ஒருநாள் தொப்பூர் இறக்கத்தில் மாதேஷின் மொபெட்டே அவரை முந்தியிருக்கிறது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடைக்கு வந்து காரைக் காட்டுவார். நான் ஓரங்களைத் தடவி, நெற்றியைச் சுருக்கி, இன்னும் கொஞ்ச நாள் சார் என்பேன். மருத்துவர் சொன்னால் எதிர்த்துப் பேசுகிற வர்க்கம். என்னிடம் கைகட்டி நின்றது. அவருடைய பலகைக்காரர்களில் ஒருவன் டீக்கடையில் எங்களிடம் வாய்விட்டுப் புலம்பினான்.

"எங்க ஓனரு டிரைவிங் ஸ்கூல் வெச்சுட்டாரான்னு ஊருல கேக்கறாங்கண்ணா, நான் என்னன்னு சொல்லட்டும்?"

ஊரில் பரவியது

அவன் என்ன சொன்னானோ தெரியாது. இரண்டு மாதத்தில், சேலம் ரோட்டுக் கடையில் ஒட்டினால் அறுபதுக்கு மேல் தாங்காது என்று தருமபுரி முழுக்கப் பரவிவிட்டது. வர வேண்டிய இரண்டு கார்கள் ஓசூருக்குப் போயின. ஒட்டிய ஃபிலிமை உரித்துவிடச் சொல்லி ஒருவர் வந்தார். அவரிடம் நான் எந்தப் பொய்யும் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் முதலாளி பச்சையப்பன் சத்தம் போடுகிறவர் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னை உட்காரவைத்து விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா சொல்லச் சொன்னாரா என்றார். இல்லை, நானாகத்தான் என்றேன். அது அவருக்கு இன்னும் மோசமாகப் பட்டது. நாளை கோவிந்தராஜை வரச்சொல்கிறேன், என் எதிரில் உண்மையைச் சொல், இல்லாவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள் என்றார். எழுந்து ஷட்டரைத் தூக்கும்போது கேட்டார்.

"நீ ஃபிலிம் ஒட்ட வந்தவனா, இல்ல டிராஃபிக் போலீஸா?"

ஒரு போன்

அன்று மாலை சிஸ்டருக்குப் போன் செய்தேன். நாளை உண்மையை உடைத்துவிடப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்வது நியாயம் என்று பட்டது. பின்னால் வார்டின் இரைச்சல் கேட்டது. திட்டுவார், அல்லது கெஞ்சுவார் என்று இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"சொல்லிடுங்க தம்பி, எனக்காக உங்க வேலை போக வேணாம். இந்த ரெண்டு மாசம், தொப்பூர் கேசுன்னு ஆம்புலன்ஸ் வந்தா நான் அவரான்னு மூஞ்சியப் பாக்காமயே ஊசி எடுத்தேன், அது போதும்."

உண்மை

மறுநாள் கோவிந்தராஜ் வந்தார். முதலாளி எதிரில் நின்றார். நான் சொன்னேன்: ஃபிலிம் எந்த வேகத்திலும் எழும்பாது; முதல் இரண்டு நாள் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது; நீங்கள் தொப்பூரில் போகிற வேகத்தில் செத்துப்போவீர்கள் என்று நினைத்துப் பொய் சொன்னேன். சிஸ்டரின் பெயரை எடுக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். குனிந்து பானட்டின் ஓரத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நான் செத்தா உங்களுக்கென்ன தம்பி? நீங்க என்ன எனக்கு மாமனா மச்சானா? அதுக்காகவா ஒருத்தன் பொய் சொல்லுவான்?" முதலாளியின் பக்கம் திரும்பினார். "யாவாரம் படுத்துப்போச்சுன்னு இவர மாத்திச் சொல்லச் சொல்றீங்க. புரியுதுங்க. நானும் யாவாரிதான்." முதலாளி ஃபிலிம் கம்பெனியின் உத்தரவாதத் தாளை எடுத்துக் காட்டினார். போன் போட்டு அவரையே கம்பெனி ஆளிடம் பேசவைத்தார். கோவிந்தராஜ் எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினார். இண்டூர் சித்தப்பாவிடம் பார்த்த அதே அவநம்பிக்கை.

முதலாளி தோற்றுப்போய், போய் வேலையைப் பார் என்று என்னிடம் கையசைத்தார். கோவிந்தராஜ் காரில் ஏறி, பெல்ட் மாட்டி, கண்ணாடியை இறக்கி, நான் ஏதோ கட்டாயத்தில் மாட்டிக்கொண்டவன் என்பதுபோல் பரிவோடு என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க கவலப்படாதீங்க, நான் அம்பத்தஞ்சுலயே போய்க்கறேன், உசுரு போறது வேற விசயம் தம்பி, ஓரம் எழும்பிட்டா யாரு பதில் சொல்றது?"

கல், கீறல், வெயில், பறவை எச்சம் ஆகியவற்றிலிருந்து காக்கும் என்று பெட்டிமேல் அச்சடித்திருக்கிற கம்பெனிக்காரர்கள், காரின் சொந்தக்காரரையும் காக்கும் என்று அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.