கணக்குக் கருவி எதுவும் கூடாது

தேர்வு மண்டபக் காவல் என்பது, நூறு பேர் நடுவில் மூன்று மணி நேரம் தனியாக நிற்பதற்குக் கூலி தரும் வேலை. நீங்களும் பார்த்திருந்தால் தெரியும்: உட்காரக்கூடாது, படிக்கக்கூடாது, பேசவே கூடாது. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முன்னும் பின்னுமாக மலாக்காவில் அரசாங்க வேலைத் தேர்வுகளுக்கு நான் காவல் நின்றேன். பகலெல்லாம் மூடியிருந்த வாய் சாயங்காலம் காஜா பேராங் பக்கத்து வாடகை வீட்டில்தான் திறக்கும். கூடக் குடியிருந்த மாணிக்கம் கோப்பியை ஆற்றிக்கொண்டே, "இன்னைக்கு யாரைப் பிடிச்சீங்க வாத்தியாரே?" என்பார்.

காற்றில் மணி

குமாஸ்தா தேர்வில் "கணக்குக் கருவி எதுவும் கூடாது" என்று விதி. ஒரு சீனப் பெண் மேசைமேல் விரலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே விடை எழுதினாள். அப்பா கடையின் மணிச்சட்டத்தில் பழகிய விரல். சட்டம் இல்லாமலே மணி நகர்த்தியது. இது கருவியா, இல்லையா? எனக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் போய் முறைத்தேன். அவள் நிமிர்ந்து மலாயில் கேட்டாள்: "விரலையும் வெளியே வச்சிட்டு வரணுமா, சார்?"

முணுமுணுப்பு

இன்னொரு நாள், ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் தமிழில் வாய்ப்பாடு சொல்லிச் சொல்லிப் பெருக்கினார். "ஏழேழு நாப்பத்தொம்பது" வாசல்வரை கேட்டது. அடக்கலாம் என்று நெருங்கினேன். முன்வரிசைத் தமிழர் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்திடாதீங்க சார், இப்பத்தான் எட்டாம் வாய்ப்பாடு தொடங்கியிருக்காரு!"

மாணிக்கத்திடம் சொன்னபோது சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவருக்கு.

ஸ்லைட் ரூல்

மாணிக்கம் நில அளவை ஆபீசில் உதவியாள். வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நில வரைபடம் வரைபவர் இடம் ஒன்று காலியானது. மாணிக்கத்துக்கு அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். இதுதான் கடைசி வாய்ப்பு. ஆறு மாதம் படித்தார். பாவம், என் பாழாய்ப்போன அதிர்ஷ்டம், அந்தத் தேர்வுக்கும் காவல் நான்தான்.

மணி அடித்ததும் சட்டைப்பையிலிருந்து ஸ்லைட் ரூலை, நடுப்பட்டையை நகர்த்திப் பெருக்கவும் வகுக்கவும் உதவும் அளவுகோலை, எடுத்தார். ஆபீசில் தினமும் கையில் இருக்கும் சாமான். கூடக் குடியிருக்கிறவன் கண்டும் காணாமல் விட்டான் என்று ஊர் சொல்லுமே! வேறு யாராவது என்றால் மேலதிகாரியைக் கேட்டிருப்பேன். இவரிடம் மட்டும் நேரே போய்ப் பிடுங்கிக்கொண்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் தாளில் நீளநீளமாகப் பெருக்கி, வகுத்துப் பார்ப்பதற்குள், பாதிக் கேள்வியோடு நேரம் முடிந்தது. வாசலில் கருவியைத் திருப்பித் தந்தேன். "பரவால்ல வாத்தியாரே, சட்டம்னா சட்டம்தானே," என்றார்.

இரண்டு ஆள் சோறு

விடைத்தாள்களைக் கட்டும்போதுதான் பார்த்தேன். தேர்வுக்கு முன்னால் நான் படித்திருக்க வேண்டிய அன்றைய விதித்தாள் உறையிலேயே கிடந்தது. குமாஸ்தா தேர்வு விதி எனக்கு மனப்பாடம். இதுவும் அதேதான் என்று பிரிக்கவே இல்லை. பிரித்தால், மூன்றாவது வரியில் "ஸ்லைட் ரூல் அனுமதி உண்டு". கடைசி வரியில், குறை இருந்தால் ஒரு வாரத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம், மறுதேர்வு உண்டு என்று இருந்தது.

அந்த ஒரு வாரமும் ஒரே வீட்டில் சமைத்தோம், சாப்பிட்டோம். தினமும் சொல்ல வாயெடுப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்னும். தலைவலி என்று போய்ப் படுத்துக்கொள்வேன். வாரம் போனது. பிறகு முடிவு வந்தது, மாணிக்கம் தேறவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளேபாங்கில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாளும் பழக்கத்தில் இரண்டு ஆளுக்கு உலை வைத்தேன். தலைமுறைகளாக மலாயே பேசும் மலாக்காச் செட்டி இனத்து வீட்டுக்கார அம்மாள் பானையை எட்டிப் பார்த்து மலாயில் கேட்டார்: "ஒருத்தனுக்கு எதுக்கு இவ்வளவு சோறு?"

கிளேபாங்

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். மாணிக்கம் வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். "பசியாறியாச்சா வாத்தியாரே?" என்று வழக்கம்போலக் கேட்டார். உறை, மூன்றாவது வரி, ஒரு வார கெடு, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மண்டபத்துல பேசக்கூடாது, சரி. வீட்டுல யாரு வாத்தியாரே உங்களைத் தடுத்தா?"

அதற்குப் பிறகும் பல வருடம் நின்றேன், உறையைப் பிரித்து ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் மணி அடிப்பேன், ஆனால் சாயங்காலம் "இன்னைக்கு யாரைப் பிடிச்சீங்க?" என்று கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.